கிள்ளிய கையும் தொட்டில் ஆட்டிய கையும்

கார்க் கம்பெனிக்காரர்களிடம் போய், “இந்த ரசாயனம் வேண்டாம், எடுத்துவிடுங்கள்” என்று எந்த அரசாங்கம் சொன்னாலும் நடப்பது ஒன்றுதான். முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வார்கள். அடுத்து, தொழிற்சாலையை மூடிவிடுவோம் என்பார்கள். அதன்பின் தொழிலாளியின் குழந்தைகுட்டிகளை நினைத்துக் கண்கலங்குவார்கள். அதற்கு முன்னால் எப்போதாவது நினைத்தார்களா என்று கேட்கக் கூடாது. கடைசியில் சில வருஷம் கழித்து, அந்த ரசாயனம் இல்லாத காரை மேடையில் ஏற்றி, பூமித்தாயின் தலைப்பிள்ளைகள் நாங்களே என்று முழுப்பக்க விளம்பரம் போடுவார்கள்.

இந்தக் கூத்தின் முதல் காட்சியில் ஒரு விசேஷம் உண்டு. அந்த ரசாயனத்தைக் காருக்குள் கூட்டிவந்து உட்காரவைத்ததே அவர்கள்தான்.

அமெரிக்காவில் டேட்டன் நகரத்துக்காரர் சார்லஸ் கெட்டரிங். பெயருக்கேற்ற கெட்டிக்காரர். அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப முன்பக்கம் குனிந்து கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இன்ஜின் கோபித்துக்கொண்டால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறியும். அந்தத் தொல்லையே வேண்டாமென்று மின்சார ஸ்டார்ட்டரைச் செய்து 1912 கேடிலாக்கில் பொருத்திக் காட்டியவர் இவர். புகழ் வந்தால் வம்பும் வரும். மேடு ஏறும்போதெல்லாம் இன்ஜினுக்குள் ‘டக் டக்’ என்று சத்தம். மெக்கானிக்குகள் இன்றைக்கும் ‘நாக்கிங்’ என்கிறார்களே, அதேதான். எல்லாம் கெட்டரிங் செய்த இக்னிஷனால் வந்த வினை என்று ஊர் பேசியது. அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோளாறு பெட்ரோலில்தான் என்று நிரூபிக்கும் வேலையை 1916-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார்.

மிட்ஜ்லி படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வேதியியல் அவருடைய பாடமில்லை. தன் பாடமில்லாத இடத்தில்தான் மனிதனுக்குத் தைரியம் அதிகம். ஆர்பியூட்டஸ் என்று ஒரு செடி. பனி விலகுமுன்பே பூக்கும். இலையின் பின்புறம் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தை நன்றாக வாங்கிக்கொள்வதால்தான் சீக்கிரம் பூக்கிறது, ஆகவே பெட்ரோலைச் சிவப்பாக்கினால் ஒழுங்காக எரியும் என்று குருவும் சீடரும் முடிவுகட்டினார்கள். கைவசம் சிவப்புச் சாயம் இல்லை. அயோடின் இருந்தது, அதை ஊற்றினார்கள். தட்டல் குறைந்துவிட்டது! குதித்துக் கூத்தாடிவிட்டு நிஜமான சிவப்புச் சாயத்தை வரவழைத்து ஊற்றினால், தட்டல் பழையபடியே. கொள்கை முழுக்கத் தப்பு, விடை மட்டும் பாஸ்.

அதற்குப் பிறகு ஆய்வகத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஊற்றிப் பார்த்தார்கள். டெலுரியம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதைத் தொட்டவர் மேல் அழுகின பூண்டு நாற்றம் ஏறிக்கொண்டது. குளித்தாலும் உடுப்பை மாற்றினாலும் இறங்கவில்லை. கார் ஓடும், ஓட்டுகிறவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்ற நிலையில் டெலுரியத்தைக் கைகழுவினார்கள். 1921 டிசம்பர் 9-ஆம் தேதி டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மம் அகப்பட்டது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. தட்டல் கப்சிப்.

நாக்கிங்கை நிறுத்த ஆல்கஹாலும் உதவும் என்பது மிட்ஜ்லிக்குத் தெரியாததல்ல. ஆனால் எந்தக் கிராமத்தானும் காய்ச்சத் தெரிந்துவைத்திருக்கிற சரக்குக்கு யார் காப்புரிமை தருவார்கள்? காரீயச் சேர்மத்தின் மேல் காப்புரிமை வாங்கலாம். வாங்கினார்கள். காரீயம் நஞ்சு என்பது ரோமாபுரிக் காலத்துச் செய்தி. எனவே பெயரில் காரீயத்தின் வாடையே வராமல் ‘எத்தில்’ என்று பெண் பிள்ளைக்கு வைப்பதுபோலப் பெயர் வைத்து, முழுப் பூசணிக்காயைப் பெட்ரோல் டேங்கில் மறைத்தார்கள். 1923 பிப்ரவரியில் டேட்டனில் விற்பனை தொடங்கியது. மறுவருஷம், கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் வேலை பார்த்த ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷனைத் தொடங்கின. காரை விற்பதில் ஒரு லாபம், அந்தக் கார் குடிக்கிற ஒவ்வொரு காலனிலும் ஒரு லாபம். எமனுக்கும் காலனென்று ஒரு பெயர் இருப்பது டேட்டன்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

விற்பனை தொடங்கிய அந்த 1923-லேயே மிட்ஜ்லிக்குக் காரீய நஞ்சு ஏறிவிட்டது. நுரையீரல் சரியில்லை என்று கூட்டங்களுக்கெல்லாம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, நல்ல காற்று வாங்க ஃபுளோரிடா போனார். கண்டுபிடித்தவருக்கே நல்ல காற்றுக்கு ஆயிரம் மைல் போகவேண்டியிருந்தது. தயாரித்த தொழிலாளிகளுக்கு அந்த வசதி இல்லை. டூபாண்ட் ஆலையில், இல்லாத பூச்சிகள் பறப்பதாகக் கையால் விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு ‘பட்டாம்பூச்சி வீடு’ என்றே பெயர் விழுந்தது. 1924 அக்டோபரில் நியூஜெர்சி பேவே ஆலையில் தொழிலாளிகளுக்குச் சித்தம் கலங்கி, கட்டிப்போட்டுத் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. 5 பேர் செத்தார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். அளவுக்கு மீறி உழைத்ததால் புத்தி பேதலித்திருக்கலாம் என்று கம்பெனித் தரப்பில் ஒருவர் பத்திரிகைக்காரர்களிடம் விளக்கம் சொன்னார். உழைப்பின் மேல் இப்படியொரு பழி அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழுந்ததில்லை.

ஊர் கொதித்தது. அக்டோபர் 30-ஆம் தேதி மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். எல்லோரும் பார்க்க அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவினார். பாட்டிலை மூக்குக்குக் கீழே ஒரு நிமிஷம் வைத்து முகர்ந்தார். தினம் இப்படிச் செய்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஃபுளோரிடா சமாசாரத்தை அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது.

1925 மே மாதம் அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் கூட்டம் கூட்டினார். எத்தில் கார்ப்பரேஷனின் ஃபிராங்க் ஹோவர்டு இது கடவுள் கொடுத்த வரம் என்ற அளவுக்குப் பேசினார். தொழில் நோய்களில் கரைகண்ட டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், மெதுவாகக் கொல்லும் நஞ்சுக்கு மெதுவாகத்தான் சாட்சி கிடைக்கும் என்ற பக்கம் நின்றார். ஒரு குழு போட்டார்கள். ஏழு மாதம் பார்த்துவிட்டு, தடை போட இப்போதைக்குக் காரணம் இல்லை, ஆனால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்று 1926-இல் குழு சொன்னது. தொடர்ந்து ஆராய்ந்தது யார் தெரியுமா? ராபர்ட் கேஹோ. எத்தில் கார்ப்பரேஷனின் மருத்துவ ஆலோசகர். அவருடைய ஆய்வகத்தின் பெயர் கெட்டரிங் ஆய்வகம். பணம் கொடுத்ததும் தொழில்காரர்களே. நாற்பது வருஷம் ஆராய்ந்து, உடம்பில் காரீயம் இருப்பது இயற்கை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிர் இயற்கையாகவே குட்டை என்று சான்றிதழும் கொடுத்தது.

இதைக் கலைத்தவர் காருக்கோ பெட்ரோலுக்கோ சம்பந்தமே இல்லாத ஆள். கிளேர் பேட்டர்சன், பூமியின் வயதைக் கணக்கிட வந்தவர். பாறையில் இருக்கும் துளியூண்டு காரீயத்தை அளந்து கணக்குப் போட வேண்டும். அளக்க உட்கார்ந்தால் மேஜையில் காரீயம், காற்றில் காரீயம், அவர் தலைமுடியில் காரீயம். அறையைக் கழுவிக் கழுவியே பாதி ஆயுள் போயிற்று. பூமிக்கு 455 கோடி வயது என்று கண்டுபிடித்த கையோடு, இந்தக் காரீயமெல்லாம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார். 1965-இல் கட்டுரை எழுதினார். மறுவருஷம் செனட்டர் எட்மண்ட் மஸ்கியின் கமிட்டி முன்னால் கேஹோவும் பேட்டர்சனும் தனித்தனியாகச் சாட்சி சொன்னார்கள். மஸ்கி காதில் வாங்கி வைத்துக்கொண்டார்.

இதற்குள் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு காரியம் செய்திருந்தது. 1962-இலேயே எத்தில் கம்பெனியை வர்ஜீனியாவின் ஒரு காகிதக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. வாங்கிய கம்பெனி சின்னது, வாங்கப்பட்டது பெரியது; கடன் வாங்கி விழுங்கினார்கள். சம்பந்திகள் பிரிந்துவிட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1970 டிசம்பர் 31-ஆம் தேதி நிக்சன் கையெழுத்துப் போட்ட தூய காற்றுச் சட்டம் மஸ்கியின் கைவேலை. 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 90 சதவீதம் குறைய வேண்டும். ஃபோர்டின் லீ அயகோக்கா இந்த மசோதா வந்தால் கார் உற்பத்தியே நின்றுவிடும் என்று முழங்கியிருந்தார். நெஞ்சைப் பிடித்து நாற்காலியில் சாயும் காட்சி.

புகையைச் சுத்தப்படுத்த ஒரே வழியாக ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தெரிந்தது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். பிளாட்டினமும் பலேடியமும் பூசிய மணிகளை ஒரு டப்பாவில் போட்டுப் புகையை அதன் வழியாக அனுப்புவது. ஒரே ஒரு சிக்கல். புகையில் காரீயம் இருந்தால் அது பிளாட்டினத்தின் மேல் படிந்து டப்பாவைச் செத்துப்போகச் செய்துவிடும். ஆகவே சட்டம் கையெழுத்தாகும் முன்பே, 1970 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் பிரெசிடென்ட் எட் கோல், பெட்ரோலில் காரீயம் கூடாது என்று பகிரங்கமாகப் பேசினார். எந்தக் காரீயம்? அவர்கள் வீட்டிலேயே பிறந்து, பெயர் சூட்டி, பத்திரிகைக்காரர்கள் முன் கைகழுவிக் காட்டி, கடவுள் வரமென்று கொண்டாடி வளர்த்த அதே காரீயம். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள்; இங்கே தொட்டிலுக்கும் தனியாக விலை போட்டார்கள். எத்தில்காரர்கள் வாயடைத்துப்போனதில் வியப்பில்லை. பேவேயில் மனிதர்கள் செத்தபோது வராத ஞானம், பிளாட்டினம் கெட்டுப்போகும் என்றதும் வந்ததே என்று அவர்கள் கேட்டிருந்தால், கேட்க அருகதை இல்லாதவர்கள் கேட்ட நியாயமான கேள்வியாக இருந்திருக்கும்.

இந்த அமர்க்களத்தின் நடுவே ஜப்பானில் சோயிச்சிரோ ஹோண்டா சத்தம் போடாமல் ஒரு வேலை பார்த்தார். மோட்டார் சைக்கிள் விற்றுக் கைநிறையச் சம்பாதித்து, காருக்குள் அப்போதுதான் காலெடுத்து வைத்திருந்தவர். அவருடைய ஆட்கள் சி.வி.சி.சி. என்று ஒரு இன்ஜின் செய்தார்கள். சிலிண்டர் தலையில் ஒரு குட்டி அறை. அதில் கொஞ்சம் கெட்டியான கலவையைப் பற்றவைத்தால், அந்தத் தீ பெரிய அறையிலிருக்கும் நீர்த்த கலவையை நிதானமாக எரித்து முடிக்கும். கன்வெர்ட்டர் வேண்டாம், பிளாட்டினம் வேண்டாம். 1975-க்கென்று வைத்த அளவை 1972-இன் இறுதியிலேயே எட்டிவிட்டது. டெட்ராய்ட் கார்க் கம்பெனிகள் முடியவே முடியாது என்று சத்தியம் செய்துகொண்டிருந்த அளவு அது.

பொம்மை மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்கு வேண்டுமானால் இதெல்லாம் சரிப்படும், எங்கள் பெரிய இன்ஜினுக்கு ஆகாது என்று ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ரிச்சர்டு கெர்ஸ்டன்பெர்க் சொன்னதாகச் சொல்வார்கள். ஹோண்டா பதில் சொல்லவில்லை. 1973 செவ்ரோலே இம்பாலா ஒன்றை வாங்கினார். எட்டு சிலிண்டர், கப்பல் சைஸ். இன்ஜின் தலையைக் கழற்றித் தன் வேலையைச் செய்து, அதே அமெரிக்காவின் சுற்றுச்சூழல் துறையிடம் கொண்டுபோய்ச் சோதனைக்கு நிறுத்தினார். பாஸ். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றால், அந்தக் கூடத்தையே விலைக்கு வாங்கி அதிலேயே ஆடிக் காட்டிய ஆள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

என்ன இருந்தாலும் டெட்ராய்ட்டுக்கு ஒரு வருஷத் தவணை கிடைத்தது; கேட்டால் கொடுப்பார்கள் என்ற பழக்கம் அன்றே பிடித்துவிட்டது. கன்வெர்ட்டர் வைத்த கார்கள் 1975 மாடலில் வந்தன. 1974 ஜூலை முதல் பெரிய பங்க்குகளில் காரீயமில்லா பெட்ரோலும் இருக்க வேண்டும். மறந்துபோய்ப் பழையதை ஊற்றிவிடக் கூடாதே என்று, புதுக் கார்களின் டேங்க் வாயைச் சிறிதாக்கி, அதற்குள் நுழைகிற மெல்லிய குழாயைப் பங்க்கில் வைத்தார்கள். நல்ல யோசனைதான். பழைய பெட்ரோல் சில சென்ட் மலிவு என்பதால், ஜனங்கள் டேங்க் வாயை நெம்பிப் பெரிதாக்கிக்கொண்டார்கள். இதில் மட்டும் உலகம் முழுக்க ஒரே சாதி.

எத்தில் கார்ப்பரேஷன் கோர்ட்டுக்குப் போய் 1976-இல் தோற்றது. 1976-க்கும் 1980-க்கும் இடையில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் காரீயம் சராசரியாக 37 சதவீதம் இறங்கியது. உடம்பில் காரீயம் இயற்கை என்ற டாக்டர் கேஹோவின் நாற்பது வருஷ ஆராய்ச்சியும் அதோடு இறங்கியது. நம் பக்கம் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. 2000-இல் காரீயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல். டேட்டனில் விற்கத் தொடங்கி 98 வருஷம் கழித்து.

மிட்ஜ்லியை அதோடு விட முடியாது. அதே மனிதர் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரிட்ஜ் பிரிவுக்காக ஃப்ரியானையும் கண்டுபிடித்தார். 1930-இல் மேடையில் அதை மூச்சாக இழுத்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். முகர்ந்து காட்டும் பழக்கம் போகவில்லை. பிற்காலத்தில் கார் ஏசிக்குள் உட்கார்ந்ததும் அதுவே. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஓசோனுக்காக அதை விரட்டியது. மாற்றாக வந்த 134ஏ ஓசோனை விட்டுவிட்டு, கார்பன் டை ஆக்சைடைப்போல 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கியது. ஐரோப்பா அதையும் தடுத்தது. அடுத்து வந்த 1234ஒய்எஃப் சோதனையில் தீப்பிடிக்கிறது என்று 2012-இல் மெர்சிடிஸ்காரர்கள் மறுத்து, பழையதையே தொடர்ந்தார்கள். பிரான்ஸ் 2013 கோடையில் சில மெர்சிடிஸ் மாடல்களைப் பதிவு செய்யமாட்டேன் என்றது. அங்கத்திய நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தியது. ஆனால் ஜெர்மனி கண்டுகொள்ளாமல் விட்டது தப்பு என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் மெர்சிடிஸ் அதே ஒய்எஃப் வாயுவை, மோதினால் சூடான பகுதியில் ஆர்கானைப் பீய்ச்சும் பாதுகாப்போடு, ஏற்றுக்கொண்டுவிட்டது. முடியாதது மறுபடியும் முடிந்தது.

மிச்சம் இருப்பது ஐரோப்பாவின் பழைய கார்ச் சட்டம். ஆயுள் முடிந்த காரை, செய்த கம்பெனியே இலவசமாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். புதுக் காரில் காரீயம், பாதரசம், காட்மியம், ஆறுவேலன்ட் குரோமியம் கூடாது. 1999-இல் கையெழுத்தாகும் நேரம். வோக்ஸ்வாகன் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக் ஒரு வார்த்தை சொன்னார். வோக்ஸ்வாகன் மேற்பார்வைக் குழுவில் முன்பு உட்கார்ந்திருந்த ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடர் தன் சுற்றுச்சூழல் அமைச்சர் டிரிட்டினைக் கூப்பிட்டு, தடு என்றார். டிரிட்டின் பசுமைக் கட்சிக்காரர். தன் கட்சி வாழ்நாள் முழுக்கக் கேட்ட சட்டத்தைத் தானே தடுக்கப் போனார். சட்டம் மறுவருஷம் எப்படியும் வந்தது. தடுத்த ஒரு வருஷத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பியெக்குக்கே தெரிந்திருக்காது.

அந்தச் சட்டம் கடைசியாக விழுந்த இடம் போல்ட்டின் மேல். முன்பெல்லாம் கார் போல்ட்டுகள் மஞ்சள் தங்கமாக மினுங்கும். துரு பிடிக்காமல் காத்த ஆறுவேலன்ட் குரோமியத்தின் மினுமினுப்பு அது. அதை எடுத்துவிட்டு டிரைவேலன்ட் குரோமியம் போட்டால் போல்ட் வெள்ளை. நிறம் மட்டும் மாறினால் போகட்டும் என்று விடலாம். மேற்பூச்சு மாறினால் வழுக்கும் தன்மை மாறும். பழைய டார்க் (முறுக்குவிசை) அளவில் முறுக்கினால் இறுக்கம் வேறாகிவிடும். எல்லா டார்க்கையும் திரும்பச் சோதிக்க வேண்டும். 2007 ஜூலை வரை தவணை, சேஸி போல்ட்டுக்கு இன்னும் ஒரு வருஷம்.

பெரிய கம்பெனிகள் இதைச் சமாளிக்க 2000-இல் ஐ.எம்.டி.எஸ். என்ற கணினிப் பதிவேட்டைத் தொடங்கின. காரில் போகும் ஒவ்வொரு பாகத்திலும் என்னென்ன பொருள், எத்தனை கிராம் என்று அதைச் செய்தவரே நிரப்ப வேண்டும். நெஞ்சைப் பிடித்தவர் ஜெர்மனியில். படிவம் நிரப்பியவர் அம்பத்தூரிலும் ஓசூரிலும். மேலிருந்து மெயில் வரும், கீழே பிளேட்டிங் கடைக்காரர் ‘யெல்லோ’ தொட்டியை விட்டு ‘டிரைவேலன்ட்’ தொட்டி வாங்கியாக வேண்டும், பழைய விலைக்கே. கார்க் கம்பெனிகளைச் சட்டம் நசுக்குகிறது என்று யாராவது கட்டுரை எழுதினால், இந்த ஏணியில் எந்தப் படியில் நின்று எழுதுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காரீயத்தை இத்தனை பாடுபட்டு விரட்டியும், அந்த ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இன்றும் உட்கார்ந்திருக்கிறது: ஸ்டார்ட் பண்ணும் பேட்டரி. கெட்டரிங்கின் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் அதே சாமான். உங்கள் கார் பானெட்டுக்குள்ளும் கிலோக்கணக்கில் காரீயம் இருக்கிறது. அடுத்த முறை பேட்டரி மாற்றும்போது பழையதைக் காயலான் கடையில் நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று போட்டுவிடாதீர்கள். அங்கிருந்து அது எந்த வீட்டுக் கொல்லையில் உருகும் என்று தெரியாது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று சட்டமே இருக்கிறது.